மேசையில் இல்லாதவர்

மருதாசலம் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வரவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வருஷத்துக்கும் மேலாக, ஞாயிறு தவறாமல் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரியின் மாடியேறிப் போனேன். அந்த மனிதர் எதிரே உட்கார்ந்தேன். அவர் வாங்கிக் கொடுத்த தேங்காய் பன்னைத் தின்றேன். அவர் சொன்ன ஜோக்குகளுக்குச் சிரித்தேன். சிரிப்பதொன்றும் கஷ்டமாக இல்லை, பல ஜோக்குகள் நிஜமாகவே நன்றாக இருந்தன.

அந்த மாடியில் நடப்பது கதைமேசை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதையை வாயாலேயே நடத்துவார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம் உண்டு. எங்கள் பேச்சில் அதை 'ஆள்' என்போம். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு திறன் இருக்கும், அது ஒரு தாளில் எழுதியிருக்கும். யார் என்ன செய்தால் என்ன நடக்கும் என்பதை நடுவர் சொல்வார். அவருக்கே சந்தேகம் வந்தால் பகடையை உருட்டச் சொல்வார்.

ஆனால் விளையாட்டின் ருசி அதில் இல்லை. தாளில் எழுதாத வகையில் ஒரு திறனைப் பயன்படுத்தப் பார்ப்பார்களே, அதில்தான் இருக்கிறது. என் முதல் ஞாயிறன்று ஷெரின் அப்படி ஒன்றைக் கேட்டாள். ஷெரின் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். அவளுடைய ஆளுக்கு ஒரு மனிதனின் நிழலைத் தரையோடு ஒட்டவைக்கும் திறன் இருந்தது. கோட்டைக்கு வெளியே எதிரியின் குதிரைப்படை வந்து நின்றது.

"மனுசன்னுதான் எழுதியிருக்கு. குதிரை நிழலை ஒட்டலாமா அண்ணா?" என்று கேட்டாள்.

மருதாசலம் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் தலையாட்டினார். "ஒட்டலாம் கண்ணு. ஆனா ஒரு விலை உண்டு. மேகம் வந்துச்சுன்னா அத்தனை குதிரையும் ஒண்ணா அவுந்துரும். அப்ப நீ நடுவுல நிக்கோணும்."

மேசை முழுக்கக் குதூகலம். எனக்கும் உள்ளூர ஒரு துள்ளல் வந்தது, அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. நல்ல நடுவர்தான் அவர். 'முடியாதுன்னு சொல்றதுக்கு நடுவர் எதுக்குங்க, கதவு போதாதா?' என்பார். அவர் மேசையில் யார் என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: செய்யலாம், ஆனால் ஒரு விலை உண்டு. தமிழ்நாட்டில் கதைமேசை ஆடுகிற எல்லாருக்கும் இந்த வாசகம் தெரியும். என் தம்பி மிதுனைக் கொன்றது இந்த வாசகம்தான்.

சூலூர் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மிதுன் சூப்பர்வைசர். வடக்கேயிருந்து வருகிற ஆப்பிளை மாதக்கணக்கில் வைத்திருக்கும் கிடங்கு அது. பழம் கெடாமல் இருக்க, பழ அறைக்குள் ஆக்சிஜனைக் குறைத்து நைட்ரஜனை நிரப்புவார்கள். கதவு, குளிர், காற்று எல்லாவற்றையும் 'உபாயம்' பார்த்துக்கொண்டது.

உபாயத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று லிஃப்டிலிருந்து குடிநீர்க் குழாய்வரை அதுதானே ஆட்சி செய்கிறது. மற்ற இயந்திரங்கள் கையேட்டில் உள்ளதைத்தான் செய்யும். உபாயத்திடம் கையேட்டில் இல்லாததைக் கேட்கலாம். இதை அதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டால் யோசித்து வழி சொல்லும். அந்த யோசனையை அதற்குக் கற்றுக்கொடுக்க அதைச் செய்த கம்பெனி தேடிப் பிடித்தது கதைமேசைகளை. எழுதாத பயன்பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லியே வருஷக்கணக்காகப் பழகிய கூட்டம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? அதில் முதன்மையான ஆசான் மருதாசலம். அவர் மேசை நடுவே உள்ளங்கையளவில் ஒரு பதிவுப்பெட்டி சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருக்கும். அங்கே அவர் சொல்வது அந்த வாரமே உபாயத்துக்குப் பாடம்.

அன்று, பழத்தை எடுத்துவிட்டு வெளிக்காற்றுக்குத் திறந்து வைத்திருந்த இரண்டாம் அறையில் தீப்பிடித்தது. அதை ஒட்டி, பழத்தைப் பெட்டியில் அடுக்குகிற கூடம். அங்கே இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள், புகையில் வழி தெரியாமல். மிதுன் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் அறைக்குள் போனான். மேனேஜர் உபாயத்திடம் கேட்டார்: பழத்துக்கு வைத்திருக்கும் நைட்ரஜனை அந்த அறையில் திறந்துவிட்டுத் தீயை மூச்சடைக்க வைக்கலாமா?

உபாயம் சொன்னது: செய்யலாம். ஆனால் ஒரு விலை உண்டு. மேசையில் இல்லாத ஒருவர்.

மேனேஜருக்கு அது புரியவில்லையாம். மிதுன் உள்ளே போனதும் தெரியாதாம். மேசையாவது நாற்காலியாவது என்று பொத்தானை அழுத்திவிட்டார். தீ அடங்கியது. பெண்கள் பிழைத்தார்கள். மிதுன் அறைக்கதவுக்குக் கொஞ்சம் தள்ளிக் கிடந்தான். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. அவன் தலைக்கு மேலேயே ஒலிபெருக்கி இருந்தது, அது வேலை செய்துகொண்டும் இருந்தது. 'வெளியே வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்தே வந்திருப்பான்.

ஏன் சொல்லவில்லை என்று விசாரணையில் உபாயத்தைக் கேட்டார்கள். அது தான் படித்த பாடத்தைப் போட்டுக் காட்டியது. மருதாசலத்தின் மேசையில் பதிவானது. பன் பொட்டலம் பிரிக்கும் சத்தம், பகடை உருளும் சத்தம், ஷெரினின் குரல். ஆற்றுப் பாலம் இடியாமல் நிற்க ஓர் ஆளைப் பலிகொடுக்க வேண்டும் என்று நடுவர் விலை சொல்லியிருக்கிறார். ஷெரின், "இன்னைக்கு ஜோயல் வரலையே, அவன் ஆளைக் குடுத்துரலாமா?" என்கிறாள். மருதாசலம் சிரிக்கிறார். "சரி, வராதவன் தலையில கட்டுங்க. அவனுக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் வந்து தெரிஞ்சுக்கட்டும்." எல்லாரும் சிரிக்கிறார்கள்.

இது எல்லா மேசையிலும் நடக்கிற வேடிக்கைதான். அடுத்த வாரம் ஜோயல் வந்தான். செல்லமாய் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, புதுத் தாள் எடுத்து, புது ஆளை எழுதிக்கொண்டான். மேசையில் செத்தவன் வேறு பெயரில் வந்து உட்காருவான். என் தம்பிக்கு அப்படித் தாள் எதுவும் தரப்படவில்லை.

அந்தச் சிரிப்பை விசாரணை அறையில் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டார்கள். அதற்குப் பிறகு என் காதில் அது ஓயவே இல்லை.

பிழைத்த பெண்களில் ஒருத்தி வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. மிதுனைக் கேட்டிருந்தால் அவனே 'தொறந்து விடுங்க' என்று சொல்லியிருப்பான், அப்படிப்பட்ட கிறுக்கன். ஆனால் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் என்றே அவனை யாரும் நினைக்கவில்லை. என் வயிற்றெரிச்சல் முழுக்க அதில்தான் இருக்கிறது.

மேனேஜரை மாற்றலில் அனுப்பினார்கள். கம்பெனி வருத்தம் தெரிவித்தது. மருதாசலத்தை விசாரணைக்கு யாரும் கூப்பிடவே இல்லை, அவரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

விசாரணை முடிந்த அன்று கேன்டீனில் கம்பெனி எஞ்சினியர் ஒருத்தி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அபர்ணா என்று பெயர். குற்ற உணர்ச்சியில் டீயைக்கூடக் குடிக்காமல் இருந்தாள்.

"அந்தப் பாடத்தை எடுத்துட முடியாதா?" என்று கேட்டேன்.

"அது பழைய சோத்துல விழுந்த உப்பு மாதிரி மேடம். தனியா எடுக்க முடியாது. புதுசா வேற ஒண்ணு சொல்லித்தான் மாத்தணும்."

"யார் சொல்லணும்?"

"அவரேதான். அதுவும் சும்மா சொன்னா ஏறாது. உபாயம் எதிர்பார்க்காததைச் சொன்னாத்தான் அது ஆழமா எடுத்துக்கும். அவரு எதையும் 'செய்யலாம்'னே சொல்றவரு. அவரு ஒருதடவை 'முடியாது'ன்னா, காரணத்தோட சொன்னா, மத்த அத்தனை பாடத்தையும் அது புரட்டிப் போட்டுடும். நாங்க போய்க் கேட்டுப் பார்த்தோம். 'என் மேசையில அந்தச் சொல்லு வராதுங்க, அது என் கொள்கை'ன்னுட்டார்."

கொள்கையாம். அன்றே முடிவு செய்தேன்.

முதலில் எனக்கு வேறு எண்ணங்களும் இருந்தன, பொய் சொல்வானேன். அவர் குடியிருக்கிற அடுக்குமாடியில், அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். அவர் 9-ஏ, நான் 9-பி. எதற்குப் பிடித்தேன் என்று என்னிடமே நான் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலியை மட்டும் போட்டுப் பூட்டிவிட்டு, எப்போதாவது போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருவேன். என் பெயரையும் போன் எண்ணையும் எழுதிக்கொண்டு சாவி கொடுத்தவர் ஓர் ஏஜென்ட். பக்கத்தில் யார் என்று மருதாசலம் விசாரித்ததே இல்லை.

பிறகு மேசையில் சேர்ந்தேன். பெயரைக்கூட மாற்றவில்லை. செத்தவன் பெயரையே தெரிந்துகொள்ளாதவருக்கு, அக்கா மிருதுளா என்றால் என்ன தெரியப்போகிறது? "வாங்க அம்மிணி, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நான் மோட்டார் பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். பம்ப்பில் எங்கே கசிகிறது என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. அழுத்தம் ஏற்றிக்கொண்டே போகவேண்டும், பலவீனமான இடம் தானாகக் காட்டிக் கொடுக்கும். மருதாசலத்தையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு அவருடைய கையில் கட்டு இருந்தது. ஜோயல் கேட்டான். சிறுநீரகம் போய்விட்டதாம், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறாராம்.

"இந்தத் தண்ணிப் பஞ்சத்துல வீட்ல எப்படிங்ணா? அதுக்குத் தண்ணி நெறைய வேணுமே" என்றான் ஜோயல்.

"வேணுந்தான். வீட்டுக்கு வீடு அளந்துதானே விடறாங்க, நம்ம பங்கு பத்தாது. உபாயத்தைக் கேட்டேன். பூட்டிக் கெடக்கற வீட்டுப் பங்குல இருந்து எடுத்துக் குடுத்துருச்சு. பக்கத்து வீடு பூட்டியேதான் கெடக்குது, யாருக்கு நட்டம்?" சிரித்தார். "ஆஸ்பத்திரியில போய் வெள்ளெனவே வரிசையில உக்கார நம்மளால ஆகாதுங்க. அதுக்குப் பேசாம செத்துரலாம்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நான் பன்னைப் பிட்டுக்கொண்டே கேட்டேன். "அந்த வீட்டுக்காரங்களைக் கேட்டீங்களாண்ணா?"

"வராதவங்ககிட்ட என்னத்தைக் கேக்கறதுங்க அம்மிணி."

அவருடைய பலவீனமான இடத்தையும் அந்த மேசையிலேயே கண்டுபிடித்தேன். அதன் பெயர் இருளன்.

நடுவர் ஆவதற்கு முன்னால், இளவயதில், மருதாசலம் ஆடிய ஆள் இருளன், கோட்டைக் காவலன். அவர் நடுவரானதும் இருளனை ஆட யாருமில்லை. ஆனாலும் அவனை விடவில்லை. எந்தக் கதை நடந்தாலும் கோட்டை வாசலில் தூங்கிக்கொண்டிருப்பதாக வைத்திருந்தார். அவன் தாளை லேமினேட் செய்து பகடைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். ஒருமுறை ஜோயல் அதன்மேல் டீக் கிளாஸை வைத்துவிட்டான். மருதாசலம் சிரித்துக்கொண்டேதான் எடுத்தார், ஆனால் அன்றைக்கு ஜோயலின் ஆளுக்கு ஒரு நல்லதும் நடக்கவில்லை.

என்னுடைய ஆள் ஒரு வைத்தியச்சி. திறன், நோவு மாற்றுவது. ஓர் உடம்பின் காயத்தையோ விஷத்தையோ தொட்டு எடுத்து இன்னோர் உடம்பில் வைக்கலாம். தாளில் அவ்வளவுதான் எழுதியிருந்தேன். யாருடைய உடம்பு என்று எழுதாமல் விட்டேன்.

அந்த ஞாயிறு கதையில் எதிரி கோட்டைக் கிணற்றில் விஷத்தைக் கலந்துவிட்டான். ஜனங்கள் சுருண்டு விழுகிறார்கள். ஷெரின் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஜோயல் என்னைப் பார்த்தான். நான் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஊர்ல இருக்கற அத்தனை பேரு விஷத்தையும் ஒரே ஒடம்புக்கு மாத்தலாமுங்களாண்ணா?"

மருதாசலத்தின் கண் மின்னியது. "அட. மாத்தலாம் அம்மிணி. ஆனா ஒரு விலை உண்டு. அந்த ஒடம்பு பொழைக்காது. யாரு ஒடம்பு?"

"மேசையில இல்லாத ஆளு."

"எல்லாரும் வந்திருக்காங்களே இன்னைக்கு."

"இருளன் இருக்காருங்களே."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கை தானாக நகர்ந்து அந்தத் தாளின்மேல் படிந்தது.

"அது வேண்டாம் அம்மிணி. வேற சொல்லுங்க."

"ஏனுங்க? தூங்கிட்டுத்தானே இருக்காரு. சொல்லாம வெச்சிரலாம். அவருக்குத் தெரியவே போறதில்லை."

"அவன் இந்தக் கதையிலயே இல்லீங்க."

"அதனாலதானுங்க கேக்கறேன். வராதவன் தலையில கட்டறது நம்ம மேசை வழக்கம்தானே."

"ஆமாங்ணா, எனக்குக் கட்டுனீங்கல்ல" என்று ஜோயல் கெக்கலித்தான்.

"ஊரே பொழைக்கும் அண்ணா. ஒரு ஆளுதான் விலை" என்றேன். "செய்யலாமுங்களா?"

மருதாசலத்தின் நெற்றியில் வேர்வை. ஒரு லேமினேட் தாளுக்காக. அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது, நான் கையை எடுக்கவில்லை.

"முடியாது" என்றார்.

ஜோயல் சிரிப்பை நிறுத்தினான். ஷெரின் நிமிர்ந்து பார்த்தாள். பதிவுப்பெட்டியின் சிவப்பு விளக்கு அது பாட்டுக்கு எரிந்தது.

"ஏன் முடியாதுங்க? நடுவர் காரணம் சொல்லோணும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"அவன் இங்க இல்லீங்களே." குரல் உயர்ந்திருந்தது. "கேக்காம எப்படிங்க அவன் உசுரை எடுத்து விலை கட்டறது? அது தப்புங்க. ஊரே பொழைச்சாலும் தப்பு. யாரா இருந்தாலும் மொதல்ல அவனைக் கேக்கோணும், அவன் சரின்னு சொல்லோணும்."

நான் பகடையைக் கிண்ணத்தில் போட்டேன்.

"என் தம்பி பேரு மிதுனுங்க. சூலூர்ல ஆப்பிள் கெடங்குல இருந்தான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணையில் கேட்ட அவர் சிரிப்பையும், 'அவனுக்குச் சொல்ல வேண்டாம்' என்றதையும் சொன்னேன். ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள்மேலும் எனக்குக் கோபமில்லை. எதையும் கேட்டுப் பார்ப்பது ஆடுகிறவர் உரிமை, தடுக்கிறதுக்குத்தான் நடுவர்.

"அது வெளையாட்டுக்குச் சொன்னதுங்க அம்மிணி" என்றார் மருதாசலம். "மேசையில சொன்னது."

"இதுவும் மேசைதானுங்க. இருளனும் வெறும் காயிதம்தான். இதுக்கு மட்டும் எப்படி உங்களுக்கு வாய் வந்துச்சு?"

மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு நொடி நினைத்தேன். கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவர் பதிவுப்பெட்டியைப் பார்த்தார். பிறகு ஜோயலைப் பார்த்தார்.

"தம்பி, இப்பச் சொன்னதை அழிச்சுர முடியுமா? என்ர தீர்ப்பை மாத்திச் சொல்லிர்றேன்."

"போயிருச்சுங்ணா" என்றான் ஜோயல், அவரைப் பார்க்காமல். "அது அப்பப்பவே போயிரும்."

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் இருளனின் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மத்தியானம் 9-பிக்குப் போய், ஜன்னலைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். துணி காயப்போடுகிற பால்கனி இரண்டு வீட்டுக்கும் ஒட்டினாற்போல இருக்கும். அங்கே பேசினால் இங்கே கேட்கும். மருதாசலம் குழாயிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எப்பவும் குடுப்பியே. இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"முடியாதுங்க. அவங்க இங்க இல்லீங்களே. கேக்காம எப்படிங்க?" என்றது உபாயம். வார்த்தை மட்டுமில்லை, இழுவைகூட அவருடையதுதான்.

"ஒரு வழி இருக்குமே. யோசிச்சுப் பாரு. வெலை சொல்லு, குடுக்கறேன்."

"மொதல்ல அவங்களைக் கேக்கோணுங்க. கேக்கறேன், இருங்க."

என் போன் அதிர்ந்தது. 9-பி வீட்டாருக்கு: உங்கள் பங்குத் தண்ணீரை 9-ஏ வீட்டுக்காரர் சிகிச்சைக்காகக் கேட்கிறார். உங்களைக் கேட்காமல் எடுக்க முடியாது. சம்மதமா?

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மதமா. இந்த ஒரு வார்த்தைதான். மிதுன் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் வந்திருக்க வேண்டியது. இனி எந்தக் கிடங்கிலும், எந்த அறையிலும், யார் தலையில் கட்டும் முன்பும் அது கேட்கும். அந்த நல்லதைச் செய்தவள் நான். செய்யும்போது ஒரு நல்ல எண்ணமும் எனக்குள் இருக்கவில்லை என்பதும் உண்மை.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். அவருக்கு மூச்சு வாங்கியது. கால் வீங்கியிருக்கும், ரொம்பநேரம் நிற்க முடியாது. ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. போனால் செய்துவிடுவார்கள், எல்லாரையும்போல வரிசையில் உட்காரவேண்டும், அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள், இருக்கிறவரைக்கும்.

மிதுன் இருந்திருந்தால் 'குடுத்துத் தொலை அக்கா' என்றிருப்பான். எனக்குத் தெரியும். அவனைக் கேட்டுத்தான் பார்த்திருப்பேன். அவன் இங்கே இல்லை.

'முடியாது' என்பதை அழுத்தினேன்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, மெதுவான காலடிகள் என் வாசலைக் கடந்து போயின, லிஃப்ட் இறங்கியது. நான் சமையலறைக்குப் போனேன். அந்த வீட்டில் பாத்திரம் எதுவும் கிடையாது. குழாயைத் திறந்து, இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்தேன். சிறுவாணித் தண்ணீர் இனிக்கும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்குத்தான் எனக்கு இனித்தது.